பாதிப் பாட்டுக்கு ஆடியவர்கள்

மே 19, திங்கள்

ஸ்டேட்டஸ் எதுவும் போடக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். பார்த்த படம், கேட்ட பாட்டு என்று எல்லாவற்றுக்கும் நாலு வரி போட்டுக்கொண்டிருந்தவன் நான். இருநூறு பேர் பார்ப்பார்கள், பத்துப் பேர் திட்டுவார்கள். "நீ நல்ல படம்னு போட்டாலும் அதுல ஒரு அர்த்தம் கண்டுபிடிப்பானுவ. கொஞ்ச நாளைக்குப் பொத்திக்கிட்டு இரு" என்றார். அதனால் உரக்கடையில் கொடுத்த டைரியில் எழுதுகிறேன். இங்கே திட்டக்கூட ஆளில்லை.

முதலில் 'சீமை அரிவாள்'. ஆஸ்பத்திரியில் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். நாயகன் நாற்பது பேரையாவது வெட்டுகிறான். வெட்டுப்பட்டவன் ஒருவனாவது கட்டிலில் கிடந்து, அவன் அம்மா பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு குழாயடி வரிசையில் நின்றதாக ஒரு காட்சி கிடையாது. ரத்தம் தெறிக்கிறது, அடுத்த காட்சியில் தரை சுத்தமாக இருக்கிறது. யார் கழுவினார்கள்? எடுத்தவனுக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது. பின்னணி இசை பரவாயில்லை.

அண்ணன் தூக்கத்திலிருந்து விழித்து, "என்னல கொடி, பாக்க?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

"வெட்டுத படம்ணே."

"எத்தனையாவது தடவையா கேக்கேன், சொல்ல மாட்டேங்க?"

நான் சொல்லியிருந்தேன். போனைத் திருப்பிக் காட்டினேன்.

மே 20, செவ்வாய்

அப்பாவைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு மறுபடியும் எல்லாவற்றையும் கேட்டார்கள். வேறு யாராவது மாற்றி எழுதுவதற்கு முன்னால் நானும் ஒருமுறை எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டுத் தொழில் மைக் செட். அப்பா வாங்கிப் போட்டது, அண்ணன் சுடலைமணி நடத்துவது. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம். எங்கள் பக்கத்தில் மைக் செட் வைக்கிறவனுக்குப் பாட்டுத் தெரிந்தால் போதாது, தெருவும் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் படத்துப் பாட்டு எந்தத் தெருவுக்கு ஆகும், எதைப் போட்டால் எவன் எழுந்து வருவான் என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். அண்ணனிடம் மூன்று பென்டிரைவ். எங்கள் காலனிக்கு நீல நூல் கட்டியது, மேலத்தெருவுக்கு மஞ்சள், கோயிலுக்குச் சிவப்பு. வேலை முடிந்ததும் தனித்தனி டப்பாவில் போட்டு மூடிவிடுவான்.

வெள்ளிக்கிழமை மேலத்தெருவில் கல்யாணம். மஞ்சள் நூல்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் சினேகிதன் ஒருவன், கோயம்புத்தூர்க்காரன், வந்து 'கருங்கால்' படத்துப் பாட்டைக் கேட்டிருக்கிறான். அண்ணன், "இங்க அது வேண்டாம் தம்பி" என்றிருக்கிறான். "ஏனுங்க, செம பாட்டுங்க அது" என்று அவன் தன் போனிலேயே வயரைச் செருகிவிட்டான்.

அந்தப் பாட்டில் ஒரு வார்த்தை தப்பு கிடையாது. ஒரு சைக்கிள், ஒரு மழை, டீக்கடையில் நிற்கும் ஒரு பெண். ஆனால் எடுத்தவன் எங்கள் ஆள், நடித்தவனும் எங்கள் ஆள். அதனால் அது எங்கள் பாட்டு. இது தெரியாமல் பெண் வீட்டுப் பையன்கள் அத்தனை பேரும் எழுந்து ஆடியிருக்கிறார்கள். பெண்ணின் சித்தப்பா மகன் துரைக்கண்ணன் சட்டையைக் கழற்றிச் சுழற்றியிருக்கிறான். பாதிப் பாட்டில் பந்தியிலிருந்து ஒருத்தர் இலையில் வைத்த கையோடு எழுந்து வந்து, "ஏல, இது எவன் பாட்டுன்னு தெரியுமால?" என்று கத்தினாராம்.

ஆடியது அவர்கள். போட்டது கோயம்புத்தூர்க்காரன். அடி அண்ணனுக்கு. மைக் ஸ்டாண்டின் இரும்பு அடித்தட்டால் வலது காதுக்கு மேலே.

இன்னொன்றையும் எழுத வேண்டும். 'கருங்கால்' எனக்கு அவ்வளவு பிடித்த படம் இல்லை. இரண்டாம் பாதி முழுக்கப் பேச்சு. நாயகியை அழ மட்டும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாட்டு நல்ல பாட்டு. ஆடத்தான் தோன்றும்.

மே 21, புதன்

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி எட்டு மணி சீரியலைப் போனில் சத்தமாக வைத்துப் பார்க்கிறார். மாமியார் மருமகளின் பாலில் எதையோ கலக்கிறாள். ஐந்து நாளாகக் கலக்கிக்கொண்டே இருக்கிறாள். சர்க்கரை கரைந்திருக்கும்.

மே 23, வெள்ளி

'எட்டுக்கண் பாலம்' என்று ஓர் ஆல்பம். சினிமா இல்லை, சென்னைப் பையன்கள் நாலு பேர் தாங்களாகவே போட்டது. எல்லாரும் ஆகா ஓகோ என்கிறார்கள். கிதார் சுத்தமாக இருக்கிறது. பாட்டெல்லாம் பால்கனியில் நின்று மழையைப் பார்க்கிற சோகம். காதலி போய்விட்டாள், காபி ஆறிவிட்டது. இந்தச் சோகத்துக்கெல்லாம் முதலில் ஒரு பால்கனி வேண்டும். ஆறாவது பாட்டு மட்டும் நிஜமாகவே நன்றாக இருந்தது. அதில் பாடுகிறவன் வார்த்தைகளை விட்டுவிட்டு வெறுமனே முனகுகிறான்.

நானும் அண்ணனும் எப்போதும் ஒரே இயர்போனில்தான் கேட்போம். எனக்கு வலது குமிழ், அவனுக்கு இடது. இன்றைக்கும் அப்படியே கொடுத்தேன். தலைக்கட்டுக்குக் கீழே கவனமாக இடது காதில் வைத்துக்கொண்டான். விரலால் கட்டில் கம்பியில் தட்டினான், தலையை ஆட்டினான். "பேஸு நல்லா கொடுத்திருக்கான்ல" என்றான்.

நான் இன்னும் பாட்டைப் போடவே இல்லை.

மே 26, திங்கள்

காது மூக்கு தொண்டைப் பிரிவில் காது கேட்கும் அளவைச் சோதித்தார்கள். கண்ணாடிப் பெட்டி மாதிரி ஓர் அறை. உள்ளே அண்ணனை உட்கார வைத்து ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னார்கள். வெளியே நானும் அம்மாவும். அண்ணன் நன்றாக அமுக்கினான். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "கேக்குதுல்லா? அமுக்குதாம்லா?" என்றாள்.

சோதித்த பெண் இயந்திரத்திலிருந்து கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்போதும் அமுக்கினான். அவர் கண்ணாடியைத் தட்டி, "அண்ணே, கேக்காமலே அமுக்குதீங்க" என்றார். அதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு முறை அமுக்கினான்.

வலது காதில் எலும்பு உடைந்து உள்நரம்பு போய்விட்டது. இடது காது ஏற்கனவே பாதிதான். பத்து வருடமாக ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றதால் வந்ததாம். இப்போது அதுவும் இறங்கியிருக்கிறது. காதுக்குள் கத்தினால் கேட்கும். இடது காது கொஞ்சம் தேறுமா என்பது இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்ட பிறகு தெரியும் என்றார் டாக்டர். "கருவி வைக்கலாம். பேச்சு ஓரளவு புரியும். பாட்டு..." என்று நிறுத்தி, பேனா மூடியைத் தேடினார்.

படம் எதுவும் பார்க்கவில்லை.

மே 28, புதன்

படம்: கல்யாண வீட்டு வீடியோ. நீளம் ஒன்றே முக்கால் நிமிடம். எடுத்தவன் கோயம்புத்தூர்ப் பையன், தன் இன்னொரு போனில். பெயர் வேண்டாம், பயந்து போயிருக்கிறான். நான் கெஞ்சியதால் நேற்று அனுப்பிவிட்டு, தன் போனில் அழித்துவிட்டான். இன்று அவன் போன் அணைந்து கிடக்கிறது. இது இப்போது என் போனில் மட்டும்தான் இருக்கிறது.

ஒளிப்பதிவு ஆடுகிறது. இதையே பெரிய இயக்குநர் எடுத்திருந்தால் யதார்த்தம் என்பார்கள். முதல் முக்கால் நிமிடம் ஆட்டம். துரைக்கண்ணன் உண்மையிலேயே நன்றாக ஆடுகிறான், தோளில் தாளம் இருக்கிறது. பின்னால் ஆம்ப்ளி மேசைக்கு அருகில் அண்ணன் நிற்பது ஓரத்தில் தெரிகிறது. அவன் ஆடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நடக்கப் போவது அவனுக்குத் தெரியும். இப்படிப்பட்ட முகத்தை எந்த நடிகரிடமும் நான் பார்த்ததில்லை.

பிறகு கத்தல். ஆட்டம் நிற்கிறது, பாட்டு நிற்கவில்லை. இசையமைப்பாளர் இந்தக் காட்சிக்கென்றே போட்டது மாதிரி சரணம் ஆரம்பிக்கிறது. துரைக்கண்ணன் வியர்வையைத் துடைக்கிறான். அவன் முகத்தில் வருவது கோபம் இல்லை, வெட்கம். ஆடியதை எல்லாரும் பார்த்துவிட்டார்களே என்கிற வெட்கம். அப்புறம்தான் ஸ்டாண்டைத் தூக்குகிறான். அடிக்கும்போது கேமரா விலகி பந்தலின் சீரியல் பல்புகளைக் காட்டுகிறது. சத்தம் மட்டும் வருகிறது.

எல்லாருடைய நடிப்பும் நன்று. கதையில் புதிதாக ஒன்றும் இல்லை.

நாளை வக்கீலிடம் கொடுக்க வேண்டும்.

மே 31, சனி

'சாம்பல் பேருந்து' வெப் சீரிஸ், மூன்று பகுதி பார்த்தேன். நேர்மையான பெண் போலீஸ் அதிகாரி, தனியாளாக ஒரு கிராமத்துக்கே நீதி வாங்கித் தருகிறார். அவருக்கு ஒரு கொடுங்கனவும் ஒரு நாயும் உண்டு. கிராமத்து ஆட்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி கரி பூசியிருக்கிறார்கள். நாங்கள் இவ்வளவு கறுப்பு என்றால் கரி எதற்கு, எங்களையே கூப்பிட்டிருக்கலாமே?

வக்கீல் ஊரில் இல்லை. செவ்வாய்தான் வருவார்.

சாயங்காலம் ஊராட்சித் தலைவர் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். அண்ணனிடம் கொஞ்சம் பேசிப் பார்த்தார், பதில் வராததால் அப்பாவை வராண்டாவுக்குக் கூட்டிப் போனார்.

"தங்கப்பழம், நான் யாருக்கும் பரிஞ்சு பேச வரல. பையன் பண்ணது தப்புதான். ஆனா வன்கொடுமைக் கேஸுன்னா அவன் வாழ்க்கை போச்சு. சூளை அவன் சித்தப்பாவோடது. உங்க தெருப் பொம்பளையாளு பூராம் அங்கதான் கல்லு அறுக்காவ. நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டாவ."

அம்மா பக்கெட்டைக் கீழே வைத்தாள்.

"அவன் வாழ்க்கை போச்சுன்னா, எம்மவன் என்ன நோம்பா இருக்கான் உள்ள?"

"அப்படிச் சொல்லலம்மா..."

"பழத்தை எடுத்துக்கிட்டுப் போங்க. அவனுக்குக் கடிச்சா தாடை வலிக்கி."

பழத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்தோம்.

ஜூன் 2, திங்கள்

காலனியிலிருந்து ஆறேழு பெண்கள் வேனில் வந்தார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. அண்ணன் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி அவன் காலை அமுக்கிவிட்டாள். "ரெண்டு நாளா வீட்லதான் இருக்கோம்" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாள். சண்டை போட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

போன பிறகு அண்ணன் என்னிடம் கேட்டான், "என்னல சொல்லுதாவ?"

"ஒண்ணுமில்ல. பாக்க வந்தாவ."

அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் அப்படித்தான் பார்க்கிறான். அவனிடம் பொய் சொல்வது கஷ்டமாக இருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

அண்ணன் டி.எஸ்.பி. முன்னால் வாக்குமூலம் மாற்றிக் கொடுத்துவிட்டான். குழாய் ஸ்பீக்கர் கட்ட ஏணியில் ஏறியபோது கால் தவறி மைக் ஸ்டாண்டின் மேல் விழுந்தானாம். என்னிடம் சொல்லவே இல்லை. நான் வக்கீலைப் பார்க்கப் போய், அவர் வராமல் சும்மா திரும்பிய நேரத்தில் தலைவர் கார் வந்திருக்கிறது, அப்பா கூடப் போயிருக்கிறார். அம்மா இரண்டு பேரிடமும் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

நான் அவன் இடது காதில் வாயை வைத்துக் கத்தினேன். வார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

"ஏணில எவன்ல ஏறுனான்? பந்தல்ல ஏணியே கிடையாதே! வீடியோ இருக்கு எங்கிட்ட!"

"மெதுவாப் பேசு" என்றான். அவன்தான் கத்திக்கொண்டிருந்தான், அவனுக்குத் தெரியவில்லை. "எனக்கு வேற என்னல தொழில் தெரியும்? மேலத்தெருவுல கூப்பிடலன்னா வருசத்துக்கு நாலு வேல. அந்தப் பொம்பளையாளுவ மூஞ்சியப் பாத்தியா நீ?"

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

பிறகு சொன்னான்: "அந்த வீடியோவ வச்சு நீ ஒண்ணும் பண்ணக் கூடாது. சரியா?"

நான் சரி என்று சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டேன், அவன் படிக்க முடியாதபடி.

ஜூன் 5, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். அரசுத் தரப்புச் சாட்சியாக நானே போகலாம், வீடியோ ஒன்றே போதும், வாக்குமூலம் மாறினாலும் கேஸ் நிற்கும் என்று வக்கீல் சொல்கிறார். இன்றைக்குள் அனுப்பச் சொன்னார். காலையில் கடைக்குப் போகும்போது துரைக்கண்ணனும் இன்னும் இரண்டு பேரும் பைக்கில் என் கூடவே மெதுவாக வந்தார்கள். "என்னடே கொடி, நல்லாருக்கியா? இப்பம்லாம் ஸ்டேட்டஸே காணோம்?" என்று துரைக்கண்ணன் கேட்டான். "நல்லாருக்கேன்" என்றேன்.

மத்தியானம் ஒரு கொரியத் தொடர் இறக்கப் பார்த்தேன். பதினாறு பகுதி. போனில் இடம் இல்லை என்று வந்தது. பழைய வீடியோக்கள் நிறையக் கிடந்தன, எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக அழித்தேன். எது எது என்று பார்க்கவில்லை.

தொடர் சுமார். பணக்காரப் பையனுக்கு ஏழைப் பெண் மேல் காதல். உணவு விடுதிக் காட்சிகள் நன்றாக இருக்கின்றன.

ஜூன் 6, வெள்ளி

வக்கீல் நாலு முறை கூப்பிட்டார். தொடரில் ஏழாம் பகுதி வரை வந்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

மாத்திரை முடிந்து மறுபடி சோதனை. இடது காது தேறவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இனி இவ்வளவுதான் என்றார் டாக்டர். இந்த முறை அண்ணன் ஏமாற்றி அமுக்கவில்லை. பொத்தானை மடியில் வைத்துக்கொண்டு கை கட்டி உட்கார்ந்திருந்தான்.

திரும்பும் வழியில், "படத்துக்குப் போவமால?" என்றான். பெரிய நடிகரின் புதுப் படம். அரங்கம் நிறையக் கூட்டம். சண்டைக் காட்சிகளில் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அதிர்வை வைத்து, "பேஸு பயங்கரமா இருக்குல்லா" என்றான். நகைச்சுவைக் காட்சிகளில் முதலில் என்னைப் பார்த்தான், பிறகு சிரித்தான். நான் சிரிக்காத இடங்களில் அவனும் சிரிக்கவில்லை. அதனால் சிரிப்பே வராத இடத்திலெல்லாம் நான் சிரித்துத் தொலைத்தேன்.

படம் குப்பை. இடைவேளைக்கு முன்னால் நாயகன் ஏழைகளுக்காக ஐந்து நிமிடம் பேசுகிறான். அரங்கமே எழுந்து கைதட்டியது. முன்வரிசையில் எழுந்து விசிலடித்தவன் சூளையில் கணக்குப் பார்க்கிறவன்.

ஜூன் 24, செவ்வாய்

டிவியில் பாட்டுப் போட்டி. பத்து வயதுப் பெண் பாடுகிறாள், நடுவர்கள் மூன்று பேரும் அழுகிறார்கள். அம்மா அணைத்துவிட்டாள். "பாட்டுப் பாடுனா பாடிட்டுப் போவ வேண்டியதுதான, எதுக்கு ஒப்பாரி?" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் வீட்டில் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை.

ஜூலை 1, செவ்வாய்

மேலத்தெருவிலிருந்து ஆள் வந்தது. துரைக்கண்ணனின் அக்கா மகளுக்குச் சடங்கு. மைக் செட் நாங்கள்தான் வைக்க வேண்டுமாம். தலைவர் பேசி முடித்ததில் இதுவும் ஒன்று என்று இப்போதுதான் தெரிகிறது. பகை இல்லை என்று ஊருக்குக் காட்ட வேண்டுமாம்.

அப்பா போகலாம் என்கிறார். அம்மா அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் ஏற்கனவே வயர்களைச் சுற்றி எடுத்து வைத்துவிட்டான்.

"நீ கூட வரணும்ல. நான் பெட்டியப் பாத்துக்கிடுதேன், நீ பாட்டப் பாத்துக்கோ."

ஜூலை 6, ஞாயிறு

இன்று கேட்ட பாட்டெல்லாம் மஞ்சள் நூல் பென்டிரைவில் இருப்பவை. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. தாய்மாமன் பாட்டு, சீர் பாட்டு, அரிவாள் பாட்டு, மறுபடியும் தாய்மாமன் பாட்டு. ஒவ்வொன்றும் முடிவதற்கு முன்னால் அடுத்தது என்ன என்று பட்டியலில் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன்.

நல்ல கூட்டம். யாரும் எங்களை முறைக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். "மணி, சாப்பிட்டியாடே?" என்று ஒரு பெரியவர் கேட்டார், அண்ணன் "ஆமா, கரண்டு மெயின் லைன்லதான் எடுத்திருக்கேன்" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

வாழ்த்துப் பேசுவதற்கு மைக் கேட்டார்கள். அண்ணன் மைக்கை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னாலேயே நின்று வயரைப் பிரித்தான். இத்தனை வருடத்தில் அவன் ஒருநாளும் செய்யாத தப்பு. மைக் ஊளையிட ஆரம்பித்தது. பந்தலே கிழிகிற மாதிரி சத்தம். கைக்குழந்தைகள் வீறிட்டன. எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். சடங்குப் பெண் தலை நிறையப் பூவோடு குனிந்துவிட்டாள். அண்ணன் மட்டும் குனிந்து, நிதானமாக, வயரின் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் பின்னால் லைன் சரிபார்க்கப் போயிருந்தேன். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தேன்.

எனக்கு முன்னால் துரைக்கண்ணன் எழுந்துவிட்டான். ஆம்ப்ளி மேசைக்குப் பின்பக்கமாக வந்து, அண்ணன் தலைக்கு மேலாகக் கையை நீட்டினான்.

அந்தக் கையை அண்ணன் பார்த்தான். மைக்கைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான்.

துரைக்கண்ணன் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தான். ஊளை நின்றது. அவன் கீழே பார்த்தான், என்னைப் பார்த்தான், தன் நாற்காலிக்குப் போய்விட்டான். அண்ணன் எழுந்திருக்கவில்லை. சத்தம் நின்றதும் அவனுக்குத் தெரியவில்லை, துரைக்கண்ணன் போனதும் தெரியவில்லை. நான் போய்த் தோளைத் தொட்டேன். இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டான்.

பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றவன் அப்படியே நின்றான். முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னடே பாத்துக்கிட்டு நிக்க? அடுத்த பாட்டப் போடு."

போட்டேன்.